ஏரியில் விட்ட மாலை

இத்தாலிக்குப் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால் நம்ம வயசுக்காரர்கள் யாரும் நம்ப மாட்டீர்கள். முட்டி இரண்டும் தேய்ந்து, காலையில் பாத்ரூமுக்குப் போகவே சுவரைப் பிடிக்கிற ஜென்மம் நான். மகள் மிலானில் வேலையில் இருக்கிறாள். "ஒரே ஒரு தடவ வந்துட்டுப் போம்மா, அப்புறம் உன்னத் தொந்தரவே பண்ண மாட்டேன்" என்று டிக்கெட்டைப் போட்டு அனுப்பிவிட்டாள். போனேன். குளிர், எங்கே போனாலும் சீஸ் வாடை, ஏறி இறங்க மாடிப்படி. அலுத்துப்போயிற்று என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை "பீச்சுக்குப் போலாம் வா" என்றாள். ரயிலில் போய் இறங்கினால் கடலைக் காணோம், ஏரி. நல்ல ஏரிதான், குறை சொல்லக் கூடாது. எதிர்க்கரையில் மலை, மலைமேல் மேகம், அடியில் கிடக்கிற கல்கூடத் தெரிகிற மாதிரி தண்ணீர். ஆனால் மணல் என்று ஒரு பிடி கிடையாது. கரை முழுக்கப் பாறை. அந்தப் பாறையில் துண்டை விரித்து ஆணும் பெண்ணும், கிழடும் குஞ்சும், வடாம் காயப்போட்ட மாதிரி கிடக்கிறார்கள். கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரத்துக்கு பஸ் இருக்கிறதே, இதற்கு எதற்கு ஏரோப்ளேன் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. பிள்ளை பாவம், கிடைக்கிற ஒரு நாள் லீவில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"இன்னாம்மா, மூஞ்சியத் தூக்கி வெச்சினு கீற? கால தண்ணில வெய்யேன்."

"வெச்சா எடுக்க நீதான் தூக்கணும், பரவாயில்லையா?"

அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். சற்றுத் தள்ளி ஒரு குடும்பம். அப்பன், ஆத்தாள், இரண்டு பிள்ளைகள். அப்பனும் பிள்ளைகளும் பாறை இடுக்குகளில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் நடுநடுவே நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்துக் கையை ஆட்டி ஏதோ கத்தினான். அவள் பதில் பேசாமல் ஒதுங்கி நின்றாள். மகள் போய் விசாரித்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் கண்ணாடி விழுந்துவிட்டதாம், பையை ஒழுங்காக மூடாதது அந்த அம்மாளின் தப்பாம். கத்துகிறவனுக்கு பாஷை ஏது! அந்த அம்மாள் நின்ற நிற்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அம்மா ஒரு நாள் செங்கல்பட்டு ஏரிக்கரையில் இப்படித்தான் நின்றாள்.

எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். முழுப்பரீட்சை முடிந்த கோடை. ஸ்டேஷனைத் தாண்டி ஏரியை ஒட்டின தெருவில் எங்கள் வீடு. அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்புறம் அப்பாவின் தங்கச்சி, என் அத்தை. அத்தைக்குத் தாய் தகப்பன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பாதான் வளர்த்து, படிக்கவைத்து, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலையும் வாங்கிக்கொடுத்தார். அப்பாவும் அம்மாவும் அவளைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். பாப்பாவுக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

அத்தை டூட்டி முடிந்து வந்தால் காதில் மாட்டிக்கொள்கிற கருவியின் பட்டை அழுத்தி, தலைமயிரில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நான் அதில் விரலை ஓட்டிப்பார்ப்பேன். பச்சை வயர் கூடையில் டிபன் டப்பாவும் ஒரு வாரப் பத்திரிகையும் இருக்கும். "இன்னைக்கு மெட்ராஸ்காரன் ஒருத்தன் லைன்ல அழுதுட்டாண்டீ" என்று கதை சொல்வாள். அந்த வேலையில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அப்பாவுக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சுதான். வந்த ஜாதகம் எதுவும் கூடவில்லை. தெருவில் நாலு பேர் கேட்கிறார்கள். தூக்கம் கெட்டுப்போய்த் திரிந்தார் மனுஷன்.

திருவிடந்தைப் பெருமாளை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தினம் ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்கிற சாமி. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் அங்கே மாலை சாத்தி, அர்ச்சனை பண்ணி, சாமி கழுத்திலிருந்து வருகிற மாலையைத் தாங்கள் போட்டுக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது சுற்று சுற்ற வேண்டும். அந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டி வைக்க வேண்டும். காய்ந்து சருகானாலும் எடுக்கக் கூடாது. கல்யாணம் ஆனதும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியாக அதை எடுத்துக்கொண்டு போய்க் கோயிலில் சேர்க்க வேண்டும். அந்த வருஷம் மாசி மாதத்தில் எங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றி அப்பா அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

பெருமாளின் முகவாயில் ஒரு திருஷ்டிப் பொட்டு இருக்கும். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை மாலையும் கழுத்துமாகத் தலையைக் குனிந்துகொண்டு சுற்றினாள். வரும்போது மாலையைக் கழற்றிப் பையில் வைத்திருக்கலாம். "சாமி மாலைய கீழ வெக்கக் கூடாது, வூடு போற வரைக்கும் கழுத்துலயே இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். பஸ்ஸில் இருக்கிறவன் எல்லாம் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். மகாபலிபுரத்தில் பஸ் மாறக் காத்திருந்த நேரத்தில் கடற்கரைப் பாறைகளில் போய் உட்கார்ந்தோம். அங்கே ஒரு வெள்ளைக்காரி கேமராவோடு வந்து, அத்தையைக் காட்டி, "மேரேஜ்?" என்று கேட்டாள். அப்பா வாயெல்லாம் பல்லாக, "எஸ் எஸ், சூன்" என்றார். அவள் அத்தையைப் பாறையில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு போனாள். மாலையும் கழுத்துமாக அத்தையின் படம் அது ஒன்றுதான், எந்த ஊரில் யார் வீட்டு ஆல்பத்தில் கிடக்கிறதோ தெரியாது. அப்பாவும் நானும் சுண்டல் வாங்கப் போய்த் திரும்பியபோது அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "உப்புக் காத்துங்க" என்றாள் அம்மா.

சாமி சும்மா இருக்கவில்லை. சித்திரையிலேயே மதுராந்தகத்திலிருந்து ஒரு இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டு லாரி, சொந்த வீடு, ஒரே பிள்ளை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா நேராக சாமி ரூமுக்குப் போய், ஆணியில் தொங்கிய மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பெருமாளு பாத்து முடிச்ச எடம் இது. கல்யாணம் ஆன மறுநாளே புள்ளையும் மருமவளும் இந்த மாலைய எட்த்துகினு போவட்டும். கார் வெச்சிடலாம்."

மாப்பிள்ளை காபியை உறிஞ்சிவிட்டு அத்தையைப் பார்த்துக் கேட்டார்: "டூட்டில்லாம் வுட்ருவ இல்ல? எங்கம்மாக்கு முடியல, வூட்ல ஆள் வேணும்."

அத்தை வாயைத் திறப்பதற்குள் அப்பா, "வுட்ருவா, வுட்ருவா, அது இன்னா பெரிய டூட்டி" என்றார். அத்தை காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

வைகாசியில் நிச்சயதார்த்தம் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். ஈரச் சுண்ணாம்பு வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும், சுவரில் நாக்கை வைத்துப் பார்த்து அடி வாங்கினேன். அத்தை மட்டும் இளைத்துக்கொண்டே போனாள். சாப்பாட்டுத் தட்டில் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். கல்யாணக் கவலை என்று அதற்கும் ஒரு சிரிப்பு. நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலையில் பூஜைக்குப் போன அப்பா சாமி ரூமிலிருந்து கத்தினார்.

"ஏய்! மாலை எங்க?"

ஆணி மட்டும் இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்தாள்.

"வெள்ளையடிக்க ரூம ஒழிச்சேங்க. படத்துல இருந்த காஞ்ச பூவெல்லாம் சேத்து ஏரில வுட்டேன். அதுவும் கூடப் போயிட்ச்சி போல கீது."

"போயிட்ச்சி போல கீதா? கண்ணு இன்னா பொடனிலயா கீது உனுக்கு?"

சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையில் கொட்டுவது கிடையாது. கால் படாத இடத்தில், தண்ணீரில்தான் விட வேண்டும். எங்கள் தெருவே அந்தப் பழக்கந்தான். ஆகவே அம்மா சொன்னதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்கு ஓடினார். பின்னாலேயே நான், அம்மா, அத்தை.

கோடையில் ஏரி வற்றி உள்வாங்கியிருந்தது. மழைக்காலத்தில் முழுகிக் கிடக்கிற பாறைகள் எல்லாம் வெளியே வந்து, பாசி காய்ந்து பச்சைத் தோல் உரிந்துகொண்டு கிடந்தன. வெயில் ஏற ஏற, சேற்று நாற்றமும் எருமை நாற்றமும். எனக்குக் கொண்டாட்டம். பாறைக்குப் பாறை தாவினேன். அப்பா ஒவ்வொரு இடுக்காகக் கையை விட்டார். கிடைத்தது என்ன தெரியுமா? மாலைதான், மாலை மாலையாக! ஊரில் இருக்கிற அத்தனை வீட்டுச் சாமி மாலையும் அங்கேதான் வந்து ஒதுங்கியிருந்தது. அழுகினது, பாதி அழுகினது, நார் மட்டும் மிஞ்சினது. அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், வீசுவார்.

துணி துவைக்க வந்த ஒரு அம்மாள் கேட்டாள்: "இன்னா சார் தேட்றீங்க?"

கல்யாண மாலையைத் தொலைத்த கதை ஊருக்குத் தெரியலாமா? "ஒண்ணுமில்லம்மா" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லாததுக்கா குமாஸ்தா சார் சேத்துல எறங்குவாரு? கம்மல் வுழுந்துட்ச்சா?"

அவ்வளவுதான். கம்மல் விழுந்துவிட்டதாம் என்று துவைக்கிறவள், மாடு குளிப்பாட்டுகிறவன், ரயிலுக்குப் போகிறவன் எல்லாரும் வேட்டி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தருக்கும் என்ன தேடுகிறோம் என்று தெரியாது. அப்பாவுக்கு அவர்களைப் போகச் சொல்லவும் வழியில்லை. அத்தை ஒரு பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள். சின்ன மீன்கள் வந்து விரலைக் கொத்தின. அவள் திடீரென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள். "அதிர்ச்சில புத்தி பெசகிட்ச்சி போல கீது பொண்ணுக்கு" என்று அப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

உச்சி வெயிலில் அப்பா ஒரு மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஓரளவு முழுசாக இருந்த மாலை. அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"இத்தையே எட்த்துகினு போயி மாட்டிடலாமா? எவனுக்குத் தெரியப்போவுது?"

அதுவரை ஒரு வார்த்தை பேசாமல் ஒதுங்கி நின்ற அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "வாணாங்க. யாரு வூட்டு மாலையோ. இத்த எட்த்துகினு போனா அந்தப் பெருமாளு மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

அப்பா மாலையைத் தண்ணீரில் வீசினார். எல்லார் முன்னாலும் அம்மாவைப் பார்த்து, "வூட்டுக்கு வெளங்காதவ" என்றார். வேறு பல வார்த்தைகளும் சொன்னார், அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

மதுராந்தகத்து அம்மாளிடம் விஷயம் போயிற்று. அவள் கெட்டவள் இல்லை. மரியாதையாகத்தான் சொல்லி அனுப்பினாள். "கல்யாண மாலையே தண்ணில போன எடத்துல எப்படிங்க கை நனைக்கிறது? எங்களுக்கு ஒரே புள்ள." அதோடு முடிந்தது. பேச்சு பரவி, அதற்குப் பிறகு யாரும் எங்கள் வாசல் பக்கமே வரவில்லை. அப்பா தீபாவளி வரைக்கும் அம்மாவோடு நேராகப் பேசவில்லை. "சோறு போடச் சொல்லு", "சட்டை எங்கன்னு கேளு" என்று எல்லாம் என் மூலமாகத்தான். பிற்பாடு பேசினார். ஆனால் வீட்டில் சாவி காணோம், சீப்பு காணோம் என்றால், எங்கள் எல்லாருக்கும் வாயில் வருவது ஒன்றுதான்: "ஏரியில போட்டுட்டியா?" சொந்தக்காரர்கள் விசேஷத்துக்கு வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து லேசாகச் சிரிப்பாள்.

அத்தைக்குக் கல்யாணமே ஆகவில்லை. எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராகி, ஊர் ஊராக மாற்றலாகி, ரிடையர் ஆனாள். இப்போது படூரில் ஒரு அபார்ட்மெண்டில் தனியாக இருக்கிறாள். எண்பதைத் தாண்டிவிட்டாள். கிரிக்கெட் பார்த்துக்கொண்டே வாட்ச்மேனோடு இன்டர்காமில் சண்டை போடுவாள். அப்பா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அம்மா போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். "உன் கையால ஒரு பொண்ணு வாழ்க்கை போச்சி" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே அம்மாவின் ஆயுசு முடிந்தது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் உம்மென்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, மகள் படூருக்கு வீடியோ கால் போட்டு போனை என் கையில் கொடுத்தாள். அத்தையின் நெற்றியும் சீலிங் பேனும் தெரிந்தன.

"எங்கடீ கீற? இன்னா அது, பின்னால நம்ம ஏரியாட்டம் கீது?"

"இத்தாலி ஏரி அத்தை. பாத்தியா, பாறைய?"

"அய்ய, நம்மூர்ல இல்லாத பாறையா. இன்னா பண்ணிகினு கீற அங்க?"

"உன் மாலை இங்கயாவது கெடைக்குதான்னு தேடிகினு கீறேன்" என்றேன் விளையாட்டாக.

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. போன் ஆடியது, கண்ணாடியைக் கழற்றினாள் போல.

"அண்ணிதான் இப்ப இல்லையே. சொல்லிட்டாத்தான் இன்னா" என்றாள். "உங்கம்மா தெரியாம போடலடீ. தெரிஞ்சிதான் போட்டாங்க."

நான் போனைக் காதுக்குக் கொண்டுபோனேன். மகள் அதை மறுபடி முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தாள்.

"கெணத்தடில துணி தொவைச்சினு இருந்தோம். எனுக்கு அந்த ஆள் வாணாம் அண்ணி, வேலைய வுட்டா நான் செத்துருவேன்னு அழுதேன். மகாலிபுரத்துலயே அழுதிருக்கேன், எனுக்குக் கல்யாணமே வாணாம்னு. அண்ணங்கிட்ட சொன்னா நாண்டுக்குவாரு, அவ்ளோ ஆசைய வெச்சிகினு கீறாரு. அண்ணி கைய தொடச்சிகினு உள்ள போனாங்க. மாலைய எட்த்து மடில சுத்திகினு கொல்லப்பக்கமா ஏரிக்கு நடந்தாங்க. நான் பின்னாலயே ஓடுனேன், பாவம் அண்ணி, சாமி குத்தம்னு. 'தெனம் கல்யாணம் பண்ணிக்கிறவருக்குத் தெரியாதா பாப்பா, எல்லாருக்கும் அது ஒத்துக்காதுன்னு' அப்படின்னாங்க. ஒரு கல்ல வெச்சி கட்டி நடுத்தண்ணில வீசுனாங்க. கரையில தேடுனா எங்கேர்ந்து கெடைக்கும்?"

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே, அத்தை. அப்புறமாவது."

"வுட்டாத்தானே! உங்கப்பா பேசுன பேச்சு தாங்காம எத்தினி தபா கெளம்புனேன் தெரியுமா? சத்தியம் வாங்கிகினாங்க. 'நீ சொன்னா மறுநாளே வேற ஒருத்தன கொண்டாந்து நிறுத்துவாரு. எனுக்கு இன்னா, ரெண்டு வார்த்த திட்டுவாரு. நீ வேலைக்குப் போ' ன்னாங்க. ரெண்டு வார்த்தையாடீ அது?"

நான் அழுதேன். வடாம் மாதிரி கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து பார்க்கிற மாதிரி அழுதேன். மகள் பயந்துபோய் முதுகைத் தடவினாள்.

அப்பாவின் கடைசி நாட்கள் எனக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அத்தை, நான், என் மகள், எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பாப்பா மாலைய ஏரில போட்டியே, அத்த நான் மனசுல வெச்சிக்கல. மன்னிச்சிட்டேன்." அந்தப் பெரிய மனசை நினைத்து நாங்கள் அத்தனை பேரும் அழுதோம். அத்தை தாங்க முடியாமல் வெளியே போய்விட்டாள். அம்மா மட்டும் அழவில்லை. டம்ளரை அவர் வாயருகே கொண்டுபோய், "சரிங்க, கஞ்சி ஆறிப்போவுது, குடிங்க" என்றாள்.